பதினெட்டாம் நம்பர் கதவு

ஜொகூர் பாருவில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி மேடேறினால் மாட்டுக்கம்பம் என்கிற குடியிருப்பு. பேர் வைத்தவன் பொருத்தமாகத்தான் வைத்தான். அங்கே மனுசரைவிட மாடு அதிகம், மனுசருக்கு இல்லாத மரியாதையும் மாட்டுக்கு உண்டு. காலையில் முதல் கஞ்சித்தண்ணி மாட்டுக்கு, அப்புறந்தான் புருசனுக்கு என்பது அந்தக் கம்பத்துப் பெண்களின் சட்டம். அங்கம்மா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

அவளுக்கு ஆறு மாடு. சுமத்ரா பக்கமிருந்து மழைக்காற்று அடித்தாலும் சரி, கார்த்திகை அடைமழை கூரையைப் பிய்த்தாலும் சரி, கறந்த பால் நுரை அடங்குவதற்குள் தலைச்சும்மாட்டில் ஏறிவிடும். பாதி ஜெகபர் சாதிக்கின் சாப்பாட்டுக் கடைக்கு, மீதி வீடுகளுக்கு. "தண்ணி வேணும்னா தெருக்குழாயில புடிச்சுக்கங்க, என்கிட்ட பாலு மட்டுந்தான் இருக்கு" என்று வாசலில் நின்று சொல்லுவாள். அவள் பாலைக் குறை சொன்னவர் யாருமில்லை. வாயைத்தான் சொல்வார்கள்.

புருசன் ஐயாசாமி அதற்கு நேர்மாறு. ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற கூட்டத்தில் அவனுக்கு வேலை. நெடுநெடுவென்று வளர்ந்தவன், வார்த்தைக்கு மட்டும் பஞ்சம். ஒரு நாளைக்கு அவன் பேசுவதை விரல்விட்டு எண்ணினால் ஒரு கை மிச்சமிருக்கும்.

அவர்கள் இருந்தது ரெட்டை வீடு. ஒரே அத்தாப்பு ஓலைக் கூரை, நடுவில் ஒரு மூங்கில் தட்டி, முன்னால் இரண்டு கதவு. பின்பக்கம் மேட்டை வெட்டிய மண்சுவர், அங்கே வாசல் வைக்க வழியில்லை. வலது கதவு பதினேழாம் நம்பர். அதில் சபாபதி, அவன் பெண்டாட்டி ராசம்மா, மகன் செல்லப்பன். இடது கதவு பதினெட்டு. அதில் அங்கம்மா, ஐயாசாமி, மகள் சந்திரமதி. கதவுக்கொரு தகரத்துண்டில் நம்பர், நம்பருக்கொரு வரி. மலாய்க்காரர்கள் சுக்காய் பிந்து என்பார்கள். தமிழர்களுக்கு அது கதவு வரி.

சபாபதிக்கும் ஐயாசாமிக்கும் ரத்த உறவு கிடையாது. அவர்கள் கப்பல் அண்ணன் தம்பி. ஒரே கப்பலில் வந்தவர்கள், அதில் வந்த கூட்டத்தை நோய் பரவாமலிருக்கத் தீவில் ஒரு கொட்டகையில் அடைத்து வைத்தபோது ஐயாசாமிக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். சபாபதி மட்டும் போகவில்லை. தன் பங்குக் கஞ்சியை ஏழு நாள் அவன் வாயில் ஊற்றினான். அன்றைக்குக் குனிந்த தலை ஐயாசாமிக்கு இன்றுவரை நிமிரவில்லை. அண்ணன் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

முறைப்படி பார்த்தால் அங்கம்மா சபாபதியை மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் பிறந்த வீட்டைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டு வந்தவளுக்கு அண்ணன் ஒருத்தன் வேண்டியிருந்தது. வந்த மறுநாளே "அண்ணே" என்றாள். அவனும் அந்த வார்த்தைக்குக் குறை வைக்கவில்லை. சந்திரமதிக்குக் காது குத்தினபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டவன் அவன். அவள் சமைந்தபோது பச்சை ஓலை கட்டி, சேலையும் கண்ணாடி வளையலுமாகச் சீர் கொண்டுவந்தவனும் அவன். கப்பல் உறவுக்கு இலக்கணம் ஏது?

அந்த மேட்டைச் சர்க்கார் துண்டு போட்டுக் கொடுத்த காலத்தில் இருவரும் சேர்ந்துதான் காடு வெட்டினார்கள். நிலத்துக் கடுதாசியில், அதாவது கிராந்தில், ஒரு பேர் போதும் என்றான் சபாபதி. கையெழுத்துப் போடத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அதனால் அவன் பேர். அண்ணன் தம்பிக்குள் கடுதாசி என்ன கடுதாசி என்று அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அங்கம்மாவும் சிரித்தாள்.

அவள் வாசலில் இருந்த நிலைமட்டும் ஐயாசாமி கைவேலை. ரயில் பாதையில் கழித்துப் போட்ட செங்கால் என்கிற கெட்டி மரக் கட்டைகளைத் தோளில் சுமந்து வந்து, செதுக்கி, ஆணி இல்லாமல் பொருத்தினான். ரயில் கட்டைக்கு அவ்வளவுதான் நீளம். கால் மண்ணுக்குள் போனது போக நிலை குட்டையாகிவிட்டது. செய்தவனே குனிந்துதான் உள்ளே வரவேண்டும். "வெளிய நெடுநெடுன்னு நிக்கறவரு, எங்கிட்ட வர்றப்பவாவது குனியட்டும்" என்று அங்கம்மா கம்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ரப்பர் விலை விழுந்து இன்னும் சரியாக எழுந்திருக்காத காலம் அது, முப்பத்து நாலாம் வருசம். சித்திரை மாசத்தில் விளக்குக் கம்பத்தில் ஜாவி எழுத்தில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய மலாயில், ஒரு கடுதாசி ஒட்டினார்கள். பால் ஊற்றப் போன இடத்தில் அங்கம்மா அதைப் பற்றிக் கேட்டாள். ஜெகபர் சாதிக் ஓதப் படித்தவர், மலாய் எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோசைக்கல்லை விட்டு வந்து படித்துச் சொன்னார்.

"பட்டணத்து எல்லைக்குள்ள அத்தாப்பு வீடு இனி வேணாங்கறாங்க தங்கச்சி. நெருப்புப் புடிச்சா தெருவே போவுதுல்ல. பழச இடிச்சிட்டு, பலகைச் சுவரு, சிமெண்டுத் தரை, ஓட்டுக்கூரைன்னு ஒரு வருசத்துக்குள்ள கட்டுறவங்களுக்கு ஏழு வருசம் கதவு வரி கெடையாதாம்."

"ஏழு வருசமா?"

"ஏழு வருசம். ஆனா ஒரு கிராந்துக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு கதவு. ரெண்டு கதவு இருந்தா வாடகைக்கு விடற லயம்னு கணக்கு. அதுக்குச் சலுகை இல்லியாம்."

அங்கம்மா பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். "எங்களுது ரெட்டை வீடாச்சே பாய்."

"அதான் சொல்றேன். என்ன செய்யறதா இருந்தாலும் மொதல்ல உங்களுக்குள்ள ஒரு கடுதாசி எழுதிக்கிட்டுச் செய்ங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்."

"கூடப் பொறந்தவன்கிட்ட கடுதாசி கேப்பாங்களா யாராச்சும்?"

"கூடப் பொறந்தவன்கிட்டதான் கேக்கணும்" என்றார் பாய். அவர் தம்பியோடு கடையைப் பிரித்துக்கொண்ட கதை ஜொகூர் பாரு முழுக்கத் தெரியும். அதனால் அங்கம்மா அந்தப் பேச்சை அவர் சொந்த வயிற்றெரிச்சலோடு சேர்த்துவிட்டாள்.

அன்று மாலையே சபாபதி வந்து உட்கார்ந்தான். சுங்கச் சாவடியில் சரக்கு எண்ணுகிற மேஸ்திரி அவன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். நெத்திலிச் சம்பலோடு மரவள்ளிக்கிழங்கு வைத்தாள் அங்கம்மா.

"கேட்டியா சங்கதிய?" என்றான். "இந்தச் சலுகைய விட்டா இன்னொரு தடவ வராது. அதுவும் இல்லாம, இப்ப நாமளா இடிக்காட்டி நாளைக்கு அவங்களே வந்து இடின்னுவாங்க. அன்னைக்குச் சலுகையும் இருக்காது."

"ரெண்டு கதவு ஆகாதாமேண்ணே."

"அதுக்குத்தான் வழி பாத்து வச்சிருக்கேன். கடுதாசிக்கு ஒரே வீடா கட்டுவோம், முன்னால ஒரே கதவு. உன் பக்கம் கதவு வர்ற எடத்துல பலகை அடிச்சு மூடிருவோம். உள்ளுக்குள்ள ஒரு நடைவாசல் விட்டுக்குவோம். இன்ஸ்பெக்டர் வந்து பாத்து எழுதிட்டுப் போனதும், மறு வாரம் உன் கதவ வெட்டிக்குடுத்துர்றேன். ஒரு நாள் வேலை."

"மறு வாரமேவா?"

"ஏன், எம்மேல நம்பிக்கையில்லியா?"

அங்கம்மா புருசனைப் பார்த்தாள். ஐயாசாமி கிழங்கை உரித்துக்கொண்டு, "அண்ணன் சொன்னா சரி" என்றான். சந்திரமதி மட்டும் உள்ளேயிருந்து, "அதுவரைக்கும் நாம எப்படிம்மா போறது வர்றது?" என்று கேட்டாள். "உன் தாய்மாமன் வீட்டு வழியாப் போறதுக்கு உனக்கென்னடி கொறச்சல்?" என்று அவள் வாயை அடைத்தாள் அங்கம்மா.

வைகாசியில் கூரையை இறக்கினார்கள். பதினைந்து வருசத்து அத்தாப்பு, தொட்டதும் பொடியாகக் கொட்டியது. பூரானும் எலிக்குஞ்சுமாய் ஓடியது. நிபோங் பனைக் கம்பங்களைப் பிடுங்கினபோது அடிப்பக்கம் கரையான் தின்று வெறும் தோல்தான் நின்றது. இவ்வளவு நாளாய் இது எப்படி நின்றதென்று சபாபதியே வாயில் கை வைத்தான். பலகைக்கும் ஓட்டுக்கும் அங்கம்மா செவலை மாட்டையும் அதன் கிடேரியையும் விற்றாள். செவலை வண்டி ஏறமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது. தானே கூட நடந்து தம்போய் ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அன்று சாப்பிடாமல் படுத்தாள்.

சீனத் தச்சன் ஒருத்தன் கூரைக்கு மட்டும் வந்தான். மற்றதெல்லாம் வீட்டாள் வேலை. ஐயாசாமியும் சபாபதியும் வேலை முடிந்து வந்து பலகை அடித்தார்கள். அங்கம்மாவும் ராசம்மாவும் ஓடையிலிருந்து மணல் சுமந்தார்கள். சபாபதியின் பெண்டாட்டி ராசம்மா கனத்த உடம்புக்காரி, பத்து நடைக்கு ஒரு தடவை உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்தால் பேச்சு.

"இந்த வீட்ட யாருக்காகக் கட்டுறோம் அங்கம்மா? எல்லாம் செல்லப்பனுக்கும் சந்திரமதிக்குந்தான்."

மணல் கூடையைத் தூக்கப் போனவள் நின்றாள். "என்னக்கா சொல்றீங்க?"

"என்ன சொல்றேன்? தாய்மாமன் சீர் செஞ்சவர் மகனுக்கு மொறப்பொண்ணு யாரு? நான் வாயால சொல்லிட்டேன், அவரும் மனசுல வச்சிருக்காரு. பயலுக்கு ஒரு நல்ல வேலை ஆவட்டும்."

அங்கம்மா அன்றைக்கு இருபது நடை கூடுதலாகச் சுமந்தாள். இடுப்பு ஒடிந்தது, மனசு மட்டும் ஒடியவில்லை. எந்தப் பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த வார்த்தை இனிக்காது? மகளிடம் சொல்லவில்லை, ஐயாசாமியிடம் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான், அவ்வளவுதான். அவனுக்கு அது முன்னமே தெரியும்போலப் பட்டது. அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய நிலையை அவள் எறிய விடவில்லை. மகள் பிறந்து வந்ததும் அந்த நிலை வழிதான், எத்தனையோ வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசின நிலை. பிரிக்காமல் கதவோடு அப்படியே தூக்கி மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்தாள். பதினெட்டு என்று எழுதிய தகரத்தைப் பிடுங்கி அரிசிப்பானைக்குள் போட்டாள்.

புரட்டாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், நல்ல மனுசன், மோர் கொடுத்தபோது வாங்கிக் குடித்தார். தரையைத் தட்டிப் பார்த்தார், ஓடுகளை எண்ணாமலே எழுதினார், ஒரு கதவுதானா என்று கேட்டார். "ஒரு கதவுதான் துவான், ஒரே குடும்பம்" என்றான் சபாபதி. பலகை அடித்து மூடின தன் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அங்கம்மாவும் சிரித்து வைத்தாள். பதினைந்து நாளில் முத்திரை குத்தின கடுதாசி வந்தது. சபாபதி அதற்குச் சட்டம் போட்டு, தன் முன்கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். ராசம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

மறு வாரம் வந்தது, போனது.

"புரட்டாசியில யாராச்சும் நிலை வைப்பாங்களா?" என்றான் சபாபதி. ஐப்பசியில், மழையில் பலகையை வெட்டினால் ஊறிப்போகும் என்றான். மார்கழி ஆகாத மாசம். தையில், இன்ஸ்பெக்டர் திரும்ப ஒரு தரம் வருவதாகக் கேள்வி. மாசியில் அவனுக்கு இடுப்புப் பிடிப்பு. பங்குனியில் நிலை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. வருசத்தில் இத்தனை மாசம் கதவு வைக்க ஆகாது என்பது சபாபதி சொல்லித்தான் மாட்டுக்கம்பத்துக்குத் தெரிந்தது.

அதுவரை அங்கம்மா அடுத்த வீட்டு வழியாகத் தன் வீட்டுக்குப் போய்வந்தாள். விடியுமுன் எழுந்தால் ராசம்மாவின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சாணிக் காலோடு வந்தால் கூடத்தைக் கழுவிவிட வேண்டும். ஒரு நாள் வெளியே போயிருந்தபோது ராசம்மா கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். அங்கம்மா தலையில் பாத்திரத்தோடு வெயிலில் அரைமணி நேரம் நின்றாள். தான் கட்டின வீட்டுக்கு வெளியே, சுவரில் கை வைத்துக்கொண்டு.

"கதவத் தட்டியிருக்கலாமே" என்றாள் ராசம்மா.

"தட்டினேன்க்கா."

"அப்ப கேக்கலபோல."

பால் எடுக்க வருகிற பெண்கள்கூட இப்போது, "சபாபதி வீட்டு அங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. சபாபதியிடம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதானே லா, என்னமோ பிரிச்சுப் பேசறியே" என்பான். மகளை நினைத்து வாயை மூடிக்கொள்வாள். வாய்க்காரி அங்கம்மா அந்த வருசம் முழுக்க வாயைக் கட்டியதைப் பார்த்துக் கம்பமே ஆச்சரியப்பட்டது.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் ஜெகபர் சாதிக் வீடு தேடி வந்தார். மகள் பரக்கத் நிஷாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், கூடுதல் பால் சொல்லிப்போக வந்தவர். சபாபதியும் ராசம்மாவும் வெளியே போயிருந்தார்கள். அங்கம்மா தேத்தண்ணி போட உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த கடுதாசியின் முன் நின்றிருந்தார்.

"தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"வரி இல்லேன்னு எழுதியிருக்கும்."

"வரி இல்லேன்னு இருக்கு. இந்த வீடு சபாபதியோடதுன்னு இருக்கு. ஏழு வருசத்துக்குள்ள இன்னொரு கதவு வெட்டினா சலுகை போயிரும், விட்ட வரியையும் சேத்து வாங்குவோம்னு இருக்கு. அதுக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்தும் வச்சிருக்கு."

தேத்தண்ணிக் கிளாசை அவள் கீழே வைத்தாள். "அப்ப மறு வாரம் கதவு வெட்டறேன்னு சொன்னது?"

"வெட்ட முடியாதுன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும். இரு, இன்னும் இருக்கு. வீட்டுல கூட இருக்கறவங்க ஐயாசாமி குடும்பம், மெனும்பாங்ன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்டிக் குடியிருக்கறவங்க. தங்க எடமில்லாம வந்தவங்க." சொல்லாமல் போக மனசில்லாதவர்போல, "அதுக்குக் கீழ ஒரு கைநாட்டு இருக்கு தங்கச்சி. ஐயாசாமி கைநாட்டு" என்றார்.

அன்று மாலை சபாபதியும் ராசம்மாவும் வெற்றிலைபாக்குத் தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். உலு திராம் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிற தண்டல் வீரமுத்துவின் மகள் புஷ்பவள்ளியைச் செல்லப்பனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வரும் திங்கட்கிழமை நிச்சயதார்த்தம். ஒரு வண்டி நிறையச் சீர் வருமாம். "புதுசா வர்றவங்களுக்கு ஒரு அறை வேணும்ல" என்றாள் ராசம்மா, நடைவாசல் வழியாக அங்கம்மாவின் அறையைப் பார்த்துக்கொண்டு. "சந்திரமதி உங்ககூட அடுப்படியில படுத்துக்கட்டும்."

சந்திரமதி எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். ராசம்மா வாயால் சொன்ன வார்த்தை அவள் காதுக்கும் எப்படியோ எட்டியிருந்தது என்பது அப்போதுதான் அங்கம்மாவுக்குப் புரிந்தது.

அவள் சபாபதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஐயாசாமி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அங்கே போனாள்.

"கைநாட்டு வச்சியா?"

அவன் நிமிரவில்லை. "வச்சேன்."

"என்னன்னு தெரிஞ்சு வச்சியா, தெரியாம வச்சியா?"

"அண்ணன் படிச்சுக் காட்டுச்சு."

"கதவு வெட்ட முடியாதுன்னு?"

"ம்."

"ஒண்டிக் குடியிருக்கறவங்கன்னு?"

"எழுத்துக்குத்தானேன்னுச்சு. பொண்ணு அந்த வீட்டுக்குத்தான் போவப்போவுது, அப்புறம் எதுக்கு ரெண்டு கதவுன்னுச்சு. எனக்கும் சரின்னு பட்டுச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஐயாசாமி வெகு நேரம் காலையே கழுவினான். "நீ ஒத்துக்கமாட்ட."

அங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. சபாபதி செய்ததற்குக்கூட அவளால் ஒரு பேர் வைக்க முடிந்தது. ஊரில் எத்தனை பேர் அப்படி. ஆனால் இவன் ஒரு வருசமாக அவள் ராசம்மாவின் கட்டிலைச் சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் நின்றதை அவள் வந்து சொன்னபோது கேட்டுக்கொண்டான். ஒவ்வொரு மாசமும் கதவு எப்போது என்று அவள் கேட்டபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றான். செவலையை விற்றுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தவளுக்கு இவன்தான் விசிறினான்.

"இப்ப பொண்ணும் இல்லேன்னு ஆயிருச்சே. இப்பயாவது கேளு உங்கண்ணன."

"அண்ணன் ஊத்தின கஞ்சியாச்சே அங்கம்மா" என்றான் ஐயாசாமி.

"ஏழு நாள் கஞ்சிக்கு எங்க ரெண்டு பேரையும் குடுத்திட்டியா" என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலை வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் உலு திராமுக்குப் புறப்பட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையில் தட்டுத் தூக்க ஓர் ஆள் வேண்டுமாம். சபாபதி கூப்பிட்டான். ஐயாசாமி வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். வாசலில் நின்ற மகளை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வண்டி தண்டவாளத்தைத் தாண்டும்வரை அங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"சந்திரமதி, அந்த ரம்பத்த எடு."

தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஒரு வருசம் வெயில் குடித்த மெரந்திப் பலகை, ரம்பம் முதலில் வழுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. மரத்தூள் வியர்வையில் ஒட்டிக் கையெல்லாம் அரித்தது. அண்டை வீட்டுக் காளியம்மா வேலியோரம் வந்து, "அலமாக், என்னடி செய்ற, சலுகை போயிருமே" என்றாள். "போவட்டும்" என்றாள் அங்கம்மா. காளியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வேலியைத் தாண்டி வந்து மகளை விலக்கிவிட்டு ரம்பத்தின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் சுவரில் வழி விழுந்தது. வெட்டின பலகைகளை அடுக்கி வைத்தார்கள். மூன்று பேருமாகக் கொட்டகையிலிருந்து பழைய நிலையைத் தூக்கிவந்து நிறுத்தி, கல் முட்டுக் கொடுத்து இறுக்கினார்கள். நிலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வாசல் வெளிச்சம் முதல் தடவையாக அவள் பக்கத் தரையில் விழுந்தது. குளித்து, அரிசிப்பானையிலிருந்து தகரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மூன்று மணி வெயிலில் வரி ஆபீசுக்கு நடந்தாள்.

அங்கே ராஜசேகரன் என்கிற தமிழ்க் கிராணி கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, காதில் பேனா. தலையைத் தூக்காமலே, "வரி குறைக்கச் சொல்லி மனு குடுக்கணும்னா வெளிய எழுதிக்கிட்டு வா" என்றார்.

"குறைக்க வேணாங்கய்யா. வரி போடணும்."

அவர் நிமிர்ந்தார். அங்கம்மா தகரத்தை மேசைமேல் வைத்தாள்.

"மாட்டுக்கம்பம், பதினெட்டாம் நம்பர் கதவு. ஒரு வருசமா அடைச்சு வச்சிருந்தோம். இன்னைக்குத் தெறந்தாச்சு. ஆள் குடியிருக்கு."

கிராணி தடித்த புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். பதினெட்டின் மேல் சிவப்பு மசியில் கோடு இழுத்திருந்தது. "இது இல்லேன்னு அடிச்சாச்சேம்மா. தெறந்தா அந்த வீட்டுச் சலுகை மொத்தமும் போயிரும், தெரியுமா? விட்ட வரியும் சேரும்."

"என் கதவுக்கு வர்றத நான் கட்டுவேன். பால் ஊத்துறேன்."

"பத்து வருசமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். வரி போடுன்னு கேட்டு யாரும் வந்ததில்ல." அவர் சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. பேனாவை மசியில் தோய்த்தார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாரு. நெலம் யாரோடதுங்கறது வேற ஆபீசு, அது எனக்குத் தெரியாது. குடியிருக்கறவங்க பேரு சொல்லு."

"அங்கம்மா."

"வீட்டுக்காரர் பேரு?"

"அது இல்லாட்டி எழுத முடியாதுங்களா?"

"எழுதலாம்."

"அப்ப வேணாங்க."

வண்டி திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் இறங்கின ராசம்மா வாயைத் திறந்தவள் மூடவில்லை. சபாபதி சந்தனப் பொட்டோடு நிலையின் முன் வந்து நின்றான்.

"என்ன காரியம் பண்ணிட்ட அங்கம்மா? ஏழு வருச சலுகை."

"ஆமாண்ணே. ஆபீசுலயும் சொல்லிட்டு வந்திட்டேன்."

"நெலம் எம்பேருல இருக்கு. நெனச்சா நாளைக்கே கெளப்பிருவேன்."

"நெலம் உங்க பேருல இருக்கட்டும். கதவு எம்பேருல இருக்கு. இனி என்னைக் கெளப்பறதா இருந்தா எனக்குன்னு ஒரு தாக்கீது வரணும், நான் வந்து நின்னு பதில் சொல்லணும். உங்களுக்குள்ள படிச்சுக் காட்டி முடிச்சுக்க முடியாது."

"கூடப் பொறந்தவனா நெனச்சு உனக்கு எவ்வளவு செஞ்சேன்."

"செஞ்சீங்க. அதனாலதான் ஒரு வருசம் கேக்காம இருந்தேன்."

சபாபதி தம்பியைத் திரும்பிப் பார்த்தான். ஐயாசாமி வெற்றுத் தட்டோடு வண்டியருகில் நின்றான். பழைய நிலையை, அவன் கைவேலையை, ஒரு தடவை பார்த்தான். பிறகு அண்ணன் பின்னாலேயே பதினேழாம் நம்பர் கதவு வழியாக உள்ளே போனான்.

அங்கம்மா அதை எதிர்பார்த்திருக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை என்பதுதான் கொடுமை. பிறகு காலையில் வெட்டின பலகைகளையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு உள் நடைவாசலுக்குப் போனாள். சந்திரமதி பலகையைப் பிடித்துக்கொள்ள, கீழேயிருந்து ஒவ்வொன்றாக ஆணி அறைந்தாள். இடுப்பளவு, நெஞ்சளவு என்று வாசல் மூடிக்கொண்டே வந்தது. சத்தம் கேட்டு ஐயாசாமி அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"அங்கம்மா, நான் இன்னும் இந்தப் பக்கம் இருக்கேன்."

அவள் கடைசிப் பலகையை வைத்துச் சரிபார்த்தாள். பலகைக்கு மேலே அவன் கண் மட்டும் தெரிந்தது.

"வாசல் முன்னால இருக்கு" என்றாள். "சுத்தி வா."

ஆணியை அடித்து முடித்துவிட்டு மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி காட்டப் போனாள். அன்றைக்கு அவன் வரவில்லை. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் நிலையைத் தட்டிப் பார்த்து, நல்ல மரம் என்று சொல்லி, அவரே தகரத்தை வைத்து இரண்டு ஆணி அடித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அங்கம்மா அந்த நிலைக்கு மஞ்சள் பூசினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராசம்மா சோறு போட, அண்ணனும் தம்பியும் பேசாமல் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. அவள் வாசலைத் திறந்துதான் வைத்திருந்தாள்.